ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே

ஓசூரிலிருந்து சூளகிரிக்குப் போகும் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் வரும் ஊர் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். தலைமை ஆசிரியரும் நானும் இரண்டே பேர். சின்ன வகுப்புகள் மூன்றும் எனக்கு, பெரிய வகுப்புகள் இரண்டும் அவருக்கு. ஊர்க்காரப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளிக்கு வந்து தமிழ் படிப்பார்கள். பக்கத்தில் கம்பெனிகள் வந்த பிறகு கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். இப்போது என் வகுப்பில் அவர்கள்தான் அதிகம்.

ஐப்பசி மழை நின்றதும் எங்கள் பக்கம் குளிர் இறங்கிவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரியாது. பாத்திரம் பண்டம், பாய், மின்விசிறி எல்லாம் கொண்டு வருவார்கள். கம்பளி கொண்டு வரமாட்டார்கள். தமிழ்நாட்டுக்குள் இப்படி ஒரு குளிர் இருக்குமென்று யார் நினைப்பார்கள்? கார்த்திகை பாதியில் வகுப்பில் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகும். உதடு வெடித்து, வாயைத் திறந்து பாடம் படிக்கவே பிள்ளைகள் சங்கடப்படுவார்கள். பனி மூட்டத்தில் எதிரே வரும் லாரி தெரியாமல் நான் ஸ்கூட்டியை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது, காலைச் சாப்பாட்டுக்கு வந்த பிள்ளைகள் சமையல் கூடத்துச் சுவரோரம் ஒருவரை ஒருவர் ஒட்டி நின்றுகொண்டிருப்பார்கள். உள்ளே அடுப்பு எரிவதால் அந்தச் சுவர் மட்டும் கொஞ்சம் சூடாக இருக்கும்.

போன வருடம் குளிர் தொடங்கும்போதே பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். முந்தைய வருடம் மார்கழியில் வகுப்பு காலியாகக் கிடந்தது. வந்த பிள்ளைகளும் இருமிக்கொண்டே இருந்தார்கள். அதனால் இந்த முறை எல்லா அம்மாக்களும் கட்டாயம் வரவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினேன். என்ன பேசவேண்டும் என்று தயார் செய்துகொண்டும் போனேன். எனக்கு நன்றாகப் பேச வரும். பயிற்சி வகுப்புகளில் கூட என்னைத்தான் மேடைக்கு அழைப்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை உண்டு.

அன்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிற பெண்கள் வேலை முடிந்த கையோடு, விரல்களில் துணி சுற்றியபடியே வந்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத் தலையோடு அனுப்பாதீர்கள், காதை மூடிக் கட்டுங்கள், வெந்நீர் குடிக்கக் கொடுங்கள், பழையது கொடுக்காதீர்கள், ராத்திரியில் கதவு ஜன்னலை நன்றாக மூடுங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டினார்களே தவிர யாருக்கும் மனதில் ஏறவில்லையோ என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் அந்தப் பெண்குழந்தையைக் கூப்பிட்டேன்.

அவள் இரண்டாம் வகுப்பு. ஒல்லியான உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். வாசிக்கச் சொன்னால் அடுத்த வகுப்புக்குக் கேட்கும்படி வாசிப்பாள். சில வாரங்களாக அவளுக்கு இருமல் விடவில்லை. ஸ்வெட்டர் கிடையாது. அப்பாவின் கம்பெனிச் சட்டையைக் கவுனுக்கு மேலே போட்டு, கையை முட்டி வரை சுருட்டிவிட்டுக்கொண்டு வருவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவளுடைய அம்மா மீதுதான் எரிச்சல் வரும்.

அவளை முன்னால் நிறுத்தி, "இந்தப் பாப்பாவப் பாருங்க" என்றேன். முதுகில் கைவைத்து, "எங்க, ஒரு தடவ இருமு கண்ணு" என்றேன். அவள் எனக்காக இருமினாள். ஒரு தடவை கேட்டதற்குப் பல தடவை வந்தது. நெஞ்சுக்குள் சளி கரகரப்பது கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு அவளுடைய அம்மா யார் என்று கேட்டேன். யாரென்று தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

பின்னால், இடுப்பில் சின்னப் பையனை வைத்துக்கொண்டு நின்ற பெண் கையைத் தூக்கினாள். கள்ளக்குறிச்சிப் பக்கம். கணவன் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி, பெரும்பாலும் இரவு ஷிப்ட். இவள் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிறாள். ராத்திரி பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்கள் என்று அவளிடம் கேட்டேன்.

"மேல ஷீட் போட்ட வீடு டீச்சர். செவுத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவுல சந்து இருக்குது. அது வழியாத்தான் காத்து வருது" என்றாள், பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்காத குரலில்.

"சந்து இருந்தா அடைக்கணும் இல்ல? பழைய சேலை இல்லாத வீடு எதுனா இருக்குதா?" என்று நான் கேட்டதும் சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. "பொட்டுக் காத்து உள்ள வரக்கூடாது. ரூமு கதகதன்னு இருக்கணும். பாப்பா மறுபடி இருமிக்கிட்டு வந்தா நான் இவள ஒண்ணும் கேக்கமாட்டேன், உங்களத்தான் கேப்பேன். இங்கயேதான் கேப்பேன்."

அந்தப் பெண் சரி என்று தலையாட்டினாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் அவளைப் பார்த்துப் பேசவேயில்லை. அவளைக் காட்டி மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே பலன் தெரிந்தது. அந்தக் குழந்தை எங்கிருந்தோ வாங்கிய ரோஸ் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். காதை மூடித் துணி கட்டியிருந்தாள். தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தது. நாள் ஆக ஆக இருமலும் குறைந்தது. "வீட்ல சந்து எல்லாத்தையும் அடைச்சாச்சு மிஸ், எங்கம்மா கட்டில் மேல ஏறி அடைச்சாங்க" என்று அவளே வந்து சொன்னாள். வகுப்பில் அவளைக் கைதட்டிப் பாராட்டச் சொன்னேன். உன் அம்மா ரொம்ப நல்ல அம்மா என்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் என் கணவரிடம்கூட இதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் கடுமையாகச் சொன்னால்தான் இவர்களுக்கு உறைக்கிறது என்றேன்.

மார்கழி பிறந்த பிறகு குளிர் இன்னும் கடுமையானது. வகுப்பில் சில நாள் அந்தக் குழந்தை தூங்கி வழிவதைக் கவனித்தேன். காலையில் தலை வலிக்கிறது என்றும் ஒருமுறை சொன்னாள். பனி பட்டிருக்கும், ஸ்கார்ஃபைக் கழற்றாதே என்றேன். எனக்கு இன்று வரைக்கும் ஆறாமல் இருப்பது இதுதான். தலைவலி என்று அவள் வாயாலேயே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

மார்கழியில் ஒரு நாள் நான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது காலைச் சாப்பாடு முடிகிற நேரம். சமையல் செய்கிற அம்மா உள்ளூர்க்காரர், தெலுங்கு பேசுகிறவர். தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "டீச்சர், அந்த ரோஸ் ஸ்வெட்டர் பாப்பா இன்னிக்கி வரல. தினமும் மொதல்ல தட்டு எடுக்கறதே அதுதான்" என்றார். இவ்வளவு குளிரில் தூங்கியிருப்பாள், நல்லதுதான் என்று நான் சொன்னேன். பனியில் பிள்ளையை அலையவிடாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்களே, நாம் சொன்னதைக் கேட்கிறார்களே என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. போனில் வருகைப் பதிவைத் திறந்து அவளுக்கு விடுப்பு போட்டேன். பாடத்தை ஆரம்பித்தேன். வீடு பள்ளியிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஒரு பிள்ளையை ஓடிப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கலாம். சமையல்கார அம்மாவே போய் வந்திருப்பார். அவருக்கு மனசு கேட்காமல்தானே என்னிடம் சொன்னார்.

இடைவேளை மணி அடிப்பதற்குள் அந்தக் குழந்தையின் வீடு இருக்கும் லைன் வீட்டு வரிசையில் குடியிருக்கும் இன்னொரு தகப்பன் பைக்கில் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, அந்த வீட்டில் தாயையும் இரண்டு பிள்ளைகளையும் நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். அறைக்குள் நெருப்புச் சட்டி வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்றார்.

எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. தலைமை ஆசிரியரிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். ஹெல்மெட்டின் வார்ப்பட்டையை மாட்ட வரவில்லை. சமையல்கார அம்மாதான் மாட்டிவிட்டார்.

நடந்ததை அந்தக் குழந்தையின் அப்பா பிறகு எனக்குச் சொன்னார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி அவர் கதவைத் தட்டியிருக்கிறார். திறக்கவில்லை. வழக்கமாக அந்த நேரத்துக்கு மனைவி பண்ணை வண்டியில் ஏறிப் போயிருப்பாள், மகள் கதவைப் பூட்டிவிட்டுத் தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பாள். அன்று வெளியே பூட்டு இல்லை, கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. போன் செய்தால் உள்ளே மணி அடிப்பது கேட்கிறது. வீட்டுக்காரரிடம் கடப்பாரை வாங்கிக் கதவை நெம்பித் திறந்திருக்கிறார். மனைவி கதவை நோக்கித் தவழ்ந்து வந்து பாதி வழியில் வாந்தி எடுத்துக் கிடந்திருக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் போர்வைக்குள் தூங்குகிற மாதிரியே இருந்தார்களாம். "சரி, இதுங்க தூங்குதுங்கன்னு மொதல்ல அவளத்தான் தூக்கினேன் டீச்சர்" என்றார். 

பேலட் கட்டை என்று கம்பெனிகளில் சரக்கு ஏற்றும் பலகைகள் உடைந்துபோனதை வெளியே விற்பார்கள். எங்கள் பக்கம் எல்லோர் வீட்டிலும் வெந்நீர் அடுப்புக்கு அதுதான் எரியும். அந்தப் பெண் ராத்திரி வெந்நீர் போட்டதும், மிஞ்சிய நெருப்பைக் கொத்தனார் சாந்து அள்ளும் இரும்புச் சட்டியில் வாரி, அறை மூலையில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். மார்கழி பிறந்ததிலிருந்து அவ்வப்போது அப்படி வைத்திருக்கிறாள். அன்று குளிர் அதிகம் என்று நெருப்பையும் அதிகமாக வாரி வைத்திருக்கிறாள். புகையே இல்லாத நல்ல தணல். ஊரில் வாழ்ந்த ஓட்டு வீட்டில் மழைக்காலத்தில் அப்படி வைத்துப் பழக்கம்தான், ஒன்றும் ஆனதில்லை. அங்கே ஓட்டுக்கு நடுவே காற்று போய் வந்துகொண்டிருந்தது. இங்கேயும் போய் வந்துகொண்டுதான் இருந்தது, நான் பேசுகிற வரைக்கும்.

ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். டாக்டர் இளம் பெண். மூடிய அறையில் தணல் எரிந்தால் வருகிற வாயுவுக்கு வாசனை கிடையாது, தலைவலியும் தூக்கமும்தான் முதலில் வரும், கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று சொன்னார். அறையில் ஜன்னல் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் குழந்தையின் அப்பா. வேறு காற்றுப் போகிற வழி எதுவுமே இல்லையா என்று கேட்டார்.  நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் தாய் எழுந்து உட்கார்ந்தாள். பையன் கண் விழித்து அழுதான். மகள் மட்டும் சாயங்காலம் வரைக்கும் விழிக்கவில்லை. நான் அந்தக் கட்டிலோரம் நின்று, அந்தப் பெரிய குரல் திரும்ப வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வேறெதுவும் அப்போது தோன்றவில்லை. ஒரு வழியாக அவள் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டாள். வார்த்தை குழறியது. ஆனாலும் என்னை அடையாளம் தெரிந்தது.

அவள் விழித்த பிறகுதான் அந்த அப்பாவுக்குக் கோபம் வந்தது. அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்திருக்கிறார். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையோடு, மனைவியைப் பார்த்து, புத்தி எங்கே போச்சு, யாரைக் கேட்டு இப்படிச் செய்தாய் என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்று கவனமாக இருந்தாள் என்றே எனக்குத் தோன்றியது.

"நான்தாங்க அடைக்கச் சொன்னேன்" என்றேன். "கூட்டத்துல எல்லார் முன்னாடியும் வெச்சு நான்தான் சொன்னேன். பொட்டுக் காத்து வரக்கூடாதுன்னு."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் தணிந்து, மரியாதை வந்துவிட்டது அவர் முகத்தில். "நீங்க அடைக்கத்தான டீச்சர் சொன்னீங்க. நெருப்பா வெக்கச் சொன்னீங்க? புள்ளைங்க நல்லதுக்குச் சொன்னீங்க. இவளுக்குத்தான் அறிவு இல்ல."

 அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இளகியது. ஆமாம், நான் நெருப்பு வைக்கச் சொல்லவில்லையே என்று அந்தக் கணத்தில் நானும் நினைத்தேன். பழி முழுவதும் அந்தப் பெண் தலையில் போய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, ஆறுதலாக மூச்சுவிட்டுக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம்தான். ஆனால் நின்றேன்.

அவர் டீ வாங்கப் போனதும் நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். பிள்ளைகளுக்குக் கட்டிலில் போர்த்தியிருக்கிற கம்பளி ஆஸ்பத்திரியுடையதா, நாம் கொண்டுவர வேண்டுமா என்று ஏதோ கேட்டாள். எதற்கும்மா நெருப்பு வைத்தாய், போர்வை போதவில்லையா என்று நான் கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். 

"பாப்பாக்கு அன்னிக்கிச் சாயந்தரம் லேசா இருமல் வந்திச்சு டீச்சர்" என்றாள். "மறுபடி கூட்டத்துல கூப்ட்டு நிக்க வெச்சிருவீங்களோன்னு பயமா இருந்திச்சு."

குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ரோஜா முள் கிழித்த விரல்கள். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் கணவர் டீயோடு வந்துவிட்டார். முதல் கோப்பையை எனக்குத்தான் நீட்டினார்.

அடுத்த நாள் அவர் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அந்த ஊரில் பல வருடம் வேலை செய்தும் அந்த லைன் வீடுகளுக்குள் நான் போனதில்லை. வெளியே நின்று, பிள்ளை ஏன் வரவில்லை என்று விசாரித்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. ஒரே அறை. கட்டில் போட்டால் மிச்சத்தில் ஒருவர் படுக்கலாம். ஜன்னல் இல்லை. கதவு ஒன்று. நான் கூட்டத்தில் கதவு ஜன்னலை மூடுங்கள் என்று பேசியபோது என் மனதில் இருந்தது ஓசூரில் நான் குடியிருக்கிற வீடு. இரண்டு பக்கம் ஜன்னல், குளியலறையில் காற்றை வெளியே தள்ளும் காற்றாடி, சமையலறையில் இன்னொன்று. அடைத்தாலும் அடைபடாத வீடு. இங்கே ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி நாலு பக்கமும் ஓடுகிறது. அதில் சேலைகளைக் கிழித்து, கயிறுபோல முறுக்கி, ஓர் இடம் விடாமல் திணித்திருந்தாள். அவ்வளவு நேர்த்தி. பரீட்சைக்கு எழுதுகிற மாதிரிச் செய்திருந்தாள்.

அவரும் நானும் சேர்ந்து அதையெல்லாம் பிடுங்கி எடுத்தோம். அதில் ஒரு சேலை பழையதே இல்லை. அவர் அதை உதறி மடித்து, "கல்யாணத்துக்கு எங்கம்மா எடுத்துக் குடுத்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு செய்ததையெல்லாம் நல்ல காரியம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். முதல் வேலையாக, சமையல்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு லைன் வீடு ஒவ்வொன்றுக்கும் போனேன். தெலுங்கிலும் கன்னடத்திலும் அவர் சொன்னார், தமிழில் நான் சொன்னேன்: அறைக்குள் தணல் வைக்கவே கூடாது, காற்றுப் போகும் வழியை அடைக்கக் கூடாது. போன இடத்திலெல்லாம் இரும்புச் சட்டியோ மண்சட்டியோ மூலையில் இருந்தது. அந்தச் சந்துகளில் கோணி, பிளாஸ்டிக் பை, பழைய துணி. பல வீடுகளில் அது என் பேச்சைக் கேட்டு வைத்தது. ஒரு குடும்பத்துக்கு நடந்ததுதான் வெளியே தெரிந்தது. எல்லா வீட்டிலும் நடந்திருக்கலாம். 

பிறகு என் குடியிருப்பில் இருப்பவர்களிடம் பேசி, பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் பீரோவில் கிடந்த ஸ்வெட்டர்களையும் கம்பளிகளையும் சேகரித்தோம். என் மகளுடையதே ஒரு பை நிறைய இருந்தது. அத்தனை வருடமும் அவை அங்கேயேதான் இருந்தன. தலைமை ஆசிரியர் வகுப்பறைச் சாவியைச் சமையல்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் பனியில் நிற்காமல் விடியும்போதே உள்ளே வந்து உட்காரலாம். வெந்நீர் ஒரு குண்டான் எப்போதும் இருக்கும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் நின்று பேசவில்லை. பிள்ளைகளின் பாயில் உட்கார்ந்துகொண்டேன். நடந்தது என் பேச்சினால் வந்தது, எந்த வீட்டையும் பார்க்காமல் பேசினேன் என்று சொன்னேன்.  பிறகு ஒரு பெண் மெதுவாக, ராத்திரி பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு இரண்டாம் ஷிப்டுக்குப் போகவேண்டியிருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள். இன்னொருத்தி தன் பையன் குளிர் வந்தால் படுக்கையை நனைத்துவிடுகிறான், அடித்துவிடுகிறேன், பிறகு அழுகிறேன் என்றாள். அன்று சாயங்காலம் விளக்குப் போடுகிற வரைக்கும் அவர்கள் பேசினார்கள். முந்தைய கூட்டத்தில் இவர்கள் எல்லோரும் இதே அறையில்தான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு அந்தப் பெண் வரவில்லை. கணவரைத்தான் அனுப்பியிருந்தாள். பண்ணையில் லீவு கிடைக்கவில்லை என்று அவர் சொன்னார். அதே பண்ணையில் வேலை செய்கிற பெண்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். நான் சரிங்க என்றேன். அவரும் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று நான் பேசத் தொடங்குவதற்குள் கிளம்பிவிட்டார். நான் சொன்னதை அவள் காதால் கேட்கவில்லை.

குழந்தை பள்ளிக்குத் திரும்பினாள். முதலில் கொஞ்ச நாள் வாசிக்கும்போது வரி தவறியது. கையெழுத்து கோணியது. டாக்டரிடம் மறுபடி கூட்டிப் போனோம். சரியாகிவிடும், பொறுமையாக இருங்கள் என்றார். கோடை விடுமுறைக்குள் ஏறக்குறைய சரியாகிவிட்டது. குரலும் வந்துவிட்டது. அவள் ஒவ்வொரு தடவை தடுமாறும்போதும் அது பிள்ளைகள் எல்லோரும் தடுமாறுவதுதானா, இல்லை அந்த நெருப்புச் சட்டியினால் வந்ததா என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன். இப்போதும் அது நிற்கவில்லை. மற்ற பிள்ளைகள் தப்பாக வாசித்தால் திருத்துகிற நான், அவள் தப்பாக வாசித்தால் பேசாமல் இருந்துவிடுகிறேன். அதுவும் அவளுக்கு நல்லதில்லை என்று தெரிகிறது.

அவர்கள் வேறு வீட்டுக்கு மாறிவிட்டார்கள். ஜன்னல் இருக்கிற வீடு. அந்தப் பெண் இன்னும் அதே பண்ணைக்குத்தான் போகிறாள். வழியில் பார்த்தால் சிரிப்பாள், நல்லா இருக்கிறீர்களா என்று கேட்பாள், நின்று பேசமாட்டாள்.

சில வாரங்களுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, ஓசூர் பேருந்து நிலையத்தில் அவளையும் பிள்ளைகளையும் பார்த்தேன். ஊருக்குப் போகிறார்கள் போலிருக்கிறது. காலடியில் இரண்டு பை. தள்ளியிருந்தே என்னைப் பார்த்துவிட்ட மகள் "மிஸ்" என்று கத்திக்கொண்டு ஓடிவரப் பார்த்தாள். அவள் அம்மா சட்டென்று அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். குனிந்து, திறந்து கிடந்த ஸ்வெட்டரின் பொத்தான்களைக் கீழிருந்து கழுத்து வரைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் பிள்ளையை என்னிடம் விட்டாள்.

நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குழந்தையின் நெற்றியில் வேர்வை. "வெயிலா இருக்குது, கழட்டிவிடுங்களேன்" என்றேன்.

"பரவால்ல டீச்சர்" என்றாள் அவள் அம்மா.

நான் ஏதோ பேச வாயெடுப்பதற்குள் அவர்கள் பஸ் வந்துவிட்டது. அவள் பைகளைத் தூக்கிக்கொண்டு பையனை ஏற்றிவிட்டு, மகளைக் கூப்பிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தை எனக்குக் கைகாட்டினாள். பஸ் திரும்புகிற வரைக்கும் நானும் கைகாட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பொத்தான்கள் எதையும் யாரும் கழற்றவில்லை.